இசபெலா தீவின் நான்கு நாய்கள்: காயடிப்பு ஊசி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவு இசபெலா. அங்கே நடந்த நாய்க் கருத்தடை முகாம் ஒன்றில் 161 ஆண் நாய்களுக்கு இனப்பெருக்கத் திறன் நீக்கப்பட்டது. அவற்றில் 58 நாய்களுக்கு வழக்கமான அறுவை சிகிச்சை. மீதி 103 நாய்கள் மேல் கத்தியே படவில்லை. அவற்றின் ஒவ்வொரு விரைக்குள்ளும் துத்தநாக குளுகோனேட் கரைசலை ஊசி மூலம் செலுத்தினார்கள். புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜூலி லெவியும் அவருடைய குழுவினரும் இந்த இரண்டு பிரிவுகளையும் ஒப்பிட்டு 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அறுவை செய்த 58இல் 2 நாய்களுக்குக் காயம் பிரிந்துகொண்டது. அது 3.4 சதவீதம். ஊசி போட்ட 103இல் 4 நாய்களுக்கு ஊசி இறங்கிய இடத்தில் திசு செத்துப் புண்ணாகியது. அது 3.9 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிரிந்த காயத்தைச் சுத்தம் செய்து மறுபடி மூடுவது பொதுவாகச் சின்ன வேலை. திசு செத்துப்போன நாய்களின் நிலைமை வேறு. செத்த பகுதியை வெட்டி எடுத்து, மிஞ்சிய நல்ல தோலைக் கொண்டு இடத்தை மூட வேண்டிய விரிவான அறுவை தேவைப்பட்டது. கத்தியைத் தவிர்ப்பதற்காகப் போட்ட ஊசி, சாதாரணக் காயடிப்பை விடப் பெரிய அறுவையில் அந்த நாய்களைக் கொண்டுபோய் விட்டது.

ஊசியா, அறுவையா என்று யார் கேட்டாலும் நான் முதலில் காட்ட நினைப்பது இந்த நிகழ்வைத்தான். ஊசி முறை தோற்றது என்று நிரூபிக்க அல்ல. 103இல் 99 நாய்கள் அப்படி ஒரு புண் இல்லாமல் தப்பின என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அந்த நான்கு நாய்களுக்கு என்ன நடந்தது என்று நுணுக்கமாகப் பார்த்தால், இந்த முறைக்கு எது தேவை, எங்கே அதைப் பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பது தெளிவாகிவிடும்.

ஏன் ஊசியைத் தேடினார்கள்

இசபெலா போன்ற இடத்தில் நாய்ப் பெருக்கம் தெருவோடு முடிகிற பிரச்சினை இல்லை. அந்தத் தீவில் காட்டுத்தனமாகத் திரிந்த நாய்கள் கடல் உடும்புகளை வேட்டையாடிக் கொன்றது பதிவாகியிருக்கிறது. நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற தொற்று கடல் சிங்கங்களுக்குப் பரவிவிடுமோ என்ற கவலையும் உண்டு. வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் வாழும் தீவில் ஒவ்வொரு குட்டி ஈற்றும் கணக்கில் வரும்.

அறுவைக் காயடிப்பு கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய, நம்பகமான வேலை. ஆனால் அதற்கு முழு மயக்கம் வேண்டும், கிருமிநீக்கிய கருவிகள் வேண்டும், மேசை, விளக்கு, தையல் பொருள், மயக்கம் தெளியும் வரை பார்த்துக்கொள்ள ஆள் என்று வரிசையாக வேண்டும். தொலைதூரத் தீவில் முகாம் போடுகிறவர்கள் இவை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போக வேண்டும். ஊசிக்கு லேசான மயக்கம் போதும். நாய் அசையாமல் சில நிமிடம் படுத்திருந்தால் வேலை முடிந்தது. இன்னொன்றும் உண்டு. ஆண் நாய்க்கு விரையை எடுப்பதை மனதளவில் ஏற்காத வளர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஊசி போட்ட பிறகும் விரை இருக்கும், சற்றுச் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். “எடுக்க மாட்டோம்” என்று சொன்னாலே சிலர் நாயைக் கொண்டுவரச் சம்மதிக்கிறார்கள். முகாம் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

உள்ளே போன மருந்து என்ன செய்கிறது

துத்தநாகம் உடம்புக்கு வேண்டிய தாது. விந்தணு உருவாவதற்கும் அது தேவை. ஆனால் செறிவு கூடினால் அதே துத்தநாகம் விந்தணுவை உருவாக்கும் செல்களைக் கொன்றுவிடும். இந்த ஊசி மருந்தில் துத்தநாக குளுகோனேட்டை ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் சேர்த்து நடுநிலைப்படுத்தியிருப்பார்கள். அமிலத்தன்மையால் திசு எரியாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் மொஸ்தஃபா ஃபாஹிம் என்பவர் செய்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது இது.

விரைக்குள் ஏராளமான நுண்குழல்கள் சுருண்டு கிடக்கும். விந்தணு உருவாவது அவற்றின் சுவரில். குழல்கள் எல்லாம் கடைசியில் ஒரு வலைப்பின்னலில் சேர்ந்து, அங்கிருந்து எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள் குழாய்க்குப் போகும். ஊசி மருந்து விரை முழுக்கப் பரவி, குழல்களின் உட்புறச் செல்களை அழிக்கும். அப்புறம் உடம்பே அந்த இடத்தைத் தழும்புத் திசுவால் நிரப்பும். குழல் அடைபட்டால் பாதையும் மூடிவிடும். முதல் சில நாட்களில் விரை வீங்கும். பிறகு வாரக்கணக்கில் மெல்லச் சுருங்கும்.

முன்னரே உருவாகி எபிடிடிமிஸில் தங்கிய விந்தணுக்கள் சிறிது காலம் உயிரோடு இருக்கலாம். அதனால் ஊசி போட்ட பிறகு குறைந்தது 60 நாட்கள் பருவத்தில் இருக்கும் பெட்டையிடமிருந்து நாயைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். தெருவில் திரியும் நாயிடம் இதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று கேட்டால், முடியாது என்பதுதான் நேர்மையான பதில். அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

குழல்களுக்கு இடையே இருக்கும் லேடிக் செல்கள்தான் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரப்பவை. துத்தநாகம் இவற்றை முழுதாக அழிப்பதில்லை. ஆகவே டெஸ்டோஸ்டிரோன் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. இதனால் வரும் விளைவுகளைப் பிறகு பார்ப்போம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2003இல் நியூட்டர்சால் என்ற பெயரில் இந்த மருந்தை அனுமதித்தபோது, 3 முதல் 10 மாத வயதுள்ள நாய்க்குட்டிகளுக்கு மட்டுமே அனுமதித்தது. அதற்கு அடிப்படையான கள ஆய்வில் 224 நாய்களில் 223க்குப் பலன் கிடைத்தது, அதாவது 99.6 சதவீதம். விந்தணுவை நிறுத்தும் வேலையை மருந்து செய்கிறதா என்றால், செய்கிறது. இசபெலா எழுப்பும் கேள்வி அதைப் பற்றியது அல்ல.

அந்த நான்கு நாய்கள்

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விரையைச் சுற்றி டியூனிகா அல்புஜினியா என்ற கெட்டியான, வெண்ணிறமான நார்ச்சவ்வு உண்டு. அது ரப்பர் போல விரியாது. உள்ளே ஏற்கெனவே திசு நிறைந்திருக்கும் ஒரு மூடிய பைக்குள் கூடுதலாகத் திரவத்தை அழுத்துகிறோம். கொஞ்சம் அதிகமானாலும், வேகமாக அழுத்தினாலும், உள் அழுத்தம் ஏறும். ஊசியை வெளியே எடுத்தவுடன் அது போன பாதை வழியாகவே மருந்து பின்னோக்கிக் கசியும். வெளியே காத்திருப்பது விரைப்பையின் தோல். உடம்பிலேயே மெல்லிய தோல்களில் ஒன்று. அடியில் கொழுப்பு கிடையாது. விரைக்குள் செல்களைக் கொல்வதற்காகத் தயாரித்த அதே மருந்து, இந்தத் தோலின் அடித்திசுவிலும் அதே வேலையைச் செய்யும். மருந்துக்கு எந்தச் செல் வேண்டிய செல், எது வேண்டாத செல் என்று தெரியாது.

இந்த வகைப் புண்ணுக்கு வழிவகுக்கும் தவறுகள் பெரும்பாலும் சிறியவை. மருந்தின் அளவை நாயின் எடையை வைத்துத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு விரையின் அகலத்தையும் காலிப்பரால் அளந்து, 10 முதல் 27 மில்லிமீட்டர் வரையுள்ள அகலத்துக்கு ஏற்ப 0.2 முதல் 1 மில்லி வரை போடுவார்கள். இடமும் வலமும் ஒரே அளவாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. விரையோடு எபிடிடிமிஸையும் விரைப்பைத் தோலின் மடிப்பையும் சேர்த்துப் பிடித்து அளந்துவிட்டால் சில மில்லிமீட்டர் கூடிவிடும். அடுத்த அளவுக்கு மருந்து ஏறிவிடும். ஒரு பெரிய தசைக்குள் போடும் ஊசியில் 0.2 மில்லி கூடினால் ஒன்றும் ஆகாது. இங்கே அதுவே கசிவுக்குப் போதும்.

ஊசி முனையும் அப்படித்தான். மருந்தைக் குப்பியிலிருந்து உறிஞ்சிய ஊசியின் வெளிப்புறத்தில் மருந்து ஒட்டியிருக்கும். அதையே தோலில் குத்தினால் போகும் வழியெல்லாம் மருந்து தடவிக்கொண்டே போகிறோம். அதனால் உறிஞ்சிய பிறகு ஊசியை மாற்ற வேண்டும், ஒவ்வொரு விரைக்கும் புதியதைப் போட வேண்டும். இன்சுலினுக்குப் பயன்படுத்துவதைப் போன்ற மிக மெல்லிய ஊசி, 28 கேஜ். பருமனான ஊசி போட்டால் ஓட்டை பெரிதாகும், கசிவும் பெரிதாகும். எபிடிடிமிஸின் தலைப்பகுதிக்குப் பக்கத்தில், விரையின் மேல்முனையிலிருந்து நடுவை நோக்கி ஊசி இறங்க வேண்டும். மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. பழக்கத்தில் எந்த ஊசியைப் போட்டாலும் பஞ்சை வைத்துத் தேய்க்கிற கை, இங்கே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மயக்கமும் முக்கியம். ஊசி ஏறும் நேரத்தில் நாய் ஒருமுறை துள்ளினால் முனை நார்ச்சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும், மருந்து விரைப்பைக்குள் கொட்டும். “மயக்கமே தேவையில்லை” என்பதை இந்த முறையின் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. விரையின் உட்புறத்தில் வலி நரம்புகள் குறைவு, நுண்ணிய ஊசியால் வலி பெரிதாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் மயக்கம் கொடுப்பது வலிக்காக மட்டும் இல்லை. அசையாமல் இருப்பதற்காக.

இதெல்லாம் சரியாகச் செய்த பிறகும் நாய் நக்கும். வீங்கிய இடத்தை நக்கி நக்கித் தோலைப் புண்ணாக்கிவிடும். அறுவை செய்த நாய்க்குக் கழுத்துக் கூம்பு மாட்டி அனுப்புகிறவர்கள், “ஊசிதானே” என்று இந்த நாயை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். விரைப்பைத் தோலில் ஏற்கெனவே புண்ணோ அரிப்போ இருந்தால், அல்லது ஒரு விரை கீழே இறங்காமல் வயிற்றிலேயே இருந்தால், அந்த நாய்க்கு இந்த ஊசியே கூடாது.

இன்னொரு பிரச்சினை நேரம். அறுவைக் காயத்தில் கோளாறு என்றால் ரத்தம் தெரியும், தையல் திறந்தது தெரியும். ஊசிக்குப் பிறகு எல்லா நாய்க்கும் வீக்கம் இருக்கும். சாதாரண வீக்கத்தையும் திசு இறப்பின் தொடக்கத்தையும் முதல் நாளில் பிரித்தறிவது கடினம். தோல் கருத்து, உரிந்து, நாற்றம் வரும்போதுதான் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும். அதற்குள் முகாம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போயிருந்தால் அந்த நாயைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? இசபெலாவில் அந்த நாய்கள் கவனிக்கப்பட்டன, அறுவை செய்யப்பட்டன. கண்காணிப்பு இருந்ததால்தான் நமக்கு “4” என்ற எண்ணே கிடைத்திருக்கிறது. கண்காணிப்பு இல்லாத முகாம்களில் “பாதிப்பு எதுவும் இல்லை” என்று எழுதப்படும் அறிக்கைகளை நான் நம்பத் தயாராக இல்லை.

எண்களை எப்படிப் படிப்பது

3.9ஐயும் 3.4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “இரண்டும் ஒன்றுதான்” என்று முடிவு கட்டுவது அவசரம். 103இல் 4 என்பதற்கு 95 சதவீத நம்பக எல்லை போட்டுப் பார்த்தால், உண்மையான விகிதம் ஏறக்குறைய 1 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 58இல் 2 என்பதற்கு அரை சதவீதத்துக்கும் கீழே தொடங்கி 12 சதவீதம் வரை போகிறது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து எது அடிக்கடி சிக்கல் தரும் என்று சொல்ல முடியாது. சிக்கல் வந்தால் அது எப்படிப்பட்டது என்பதை மட்டும் இந்த ஆய்வு தெளிவாகச் சொல்கிறது. முடிவெடுக்க எனக்கு அந்த இரண்டாவது தகவல்தான் அதிகம் உதவுகிறது.

அதாவது, ஊசி முறைக்குத் திறமை வேண்டாம் என்பது தவறு. அறுவையில் மேசையருகே தேவைப்படும் திறமை, இங்கே அளவெடுப்பதிலும் ஊசியைக் கையாள்வதிலும் அடுத்த ஒரு வாரத்துக் கவனிப்பிலும் தேவைப்படுகிறது. வேலை குறைகிறது, பொறுப்பு குறைவதில்லை.

டெஸ்டோஸ்டிரோன் மிச்சமிருந்தால்

சிலி நாட்டின் தெற்குக் கோடியில் புவெர்த்தோ நடாலெஸ் என்ற ஊரில் சுதந்திரமாகத் திரியும் ஆண் நாய்களை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. சில நாய்களுக்கு அறுவை, சிலவற்றுக்குத் துத்தநாக ஊசி, சில அப்படியே விடப்பட்டன. நாய்களின் நடத்தையைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கவனித்தார்கள், ஜிபிஎஸ் பட்டையும் கட்டினார்கள். 2016இல் வெளியான முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். அறுவை செய்த நாய்களிடமே பாலியல் செயல்பாடும் ஆக்ரோஷமும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஊசி போட்ட நாய்களிடம் மற்ற நாய்கள் மீதான ஆக்ரோஷம் கூடியிருந்தது.

ஒரே ஓர் ஊரின் ஆய்வை வைத்து எல்லா நாய்க்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் “ஊசி போட்டால் நாய் சாதுவாகிவிடும்” என்று மக்களுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இது போதும். துத்தநாக ஊசியின் வேலை குட்டி பிறக்காமல் தடுப்பது, அவ்வளவே. சிறுநீர் தெளித்து இடம் குறிப்பது, பெட்டையைத் தேடி அலைவது, சண்டை போடுவது எல்லாம் தொடரலாம். புராஸ்டேட் வீக்கம், ஆசனவாயைச் சுற்றி வரும் சில கட்டிகள் போன்ற டெஸ்டோஸ்டிரோன் சார்ந்த நோய்களைத் தடுப்பதிலும் அறுவைக்கு இருக்கும் பலன் இதற்கு இல்லை. விரை உள்ளேயே இருப்பதால் விரைக் கட்டி வரும் வாய்ப்பும் முற்றாகப் போய்விடுவதில்லை.

இதையே நன்மையாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஹார்மோன் கொஞ்சம் இருந்தால் எலும்பு வளர்ச்சிக்கும் உடல் எடைக்கும் நல்லது என்பது அவர்கள் வாதம். வீட்டில், கட்டுக்குள் வளரும் பெரிய இன நாய் விஷயத்தில் இது யோசிக்க வேண்டிய வாதம்தான். தெரு நாய் முகாமில் இதற்கு எடை குறைவு.

கால்சியம் குளோரைடு: மலிவு, ஆனால் யார் கலக்குவது?

துத்தநாக மருந்தின் வணிக வாழ்க்கை சுருக்கமானது. நியூட்டர்சால் சில ஆண்டுகளிலேயே கடையிலிருந்து மறைந்தது. பிறகு சூட்டெரின் என்ற பெயரில் அமெரிக்காவிலும், எஸ்டெரில்சால் என்ற பெயரில் லத்தீன் அமெரிக்காவிலும் திரும்பி வந்தது. அமெரிக்காவில் மருத்துவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து விற்றார்கள். அங்கேயும் அது நிலைக்கவில்லை. அந்த இடத்தை நிரப்ப இப்போது பலரும் பேசுவது கால்சியம் குளோரைடைப் பற்றி.

இது புதிய யோசனை இல்லை. 1970களிலேயே கால்நடைகளைக் காயடிக்க முயன்றிருக்கிறார்கள். மேற்கு வங்கத்தில் குலதீப் ஜனாவும் பிரபாத் குமார் சமந்தாவும் கருப்பு வங்க ஆடுகளிலும் தெரு நாய்களிலும் அளவு மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். நாய்களைப் பற்றிய அவர்களின் கட்டுரை 2007இல் வந்தது. இத்தாலியில் ரஃபாயெல்லா லெயோச்சியின் குழு 2014இல் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. 20 சதவீதக் கால்சியம் குளோரைடை எதில் கரைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. 95 சதவீத எத்தனாலில் கரைத்தபோது ஓராண்டு வரை விந்தணுவும் திரும்பவில்லை, டெஸ்டோஸ்டிரோனும் தாழ்ந்தே இருந்தது. எத்தனால் இல்லாத கரைசலில் டெஸ்டோஸ்டிரோன் பிறகு ஏறிவிட்டது.

பொருள் மலிவு, எங்கும் கிடைக்கும், செய்முறையும் வெளியே இருக்கிறது. இதுதான் எனக்குக் கவலை தருகிறது. உரிமம் பெற்ற மருந்து என்றால் ஒவ்வொரு குப்பியிலும் ஒரே செறிவு, கிருமி இல்லை, காலாவதித் தேதி உண்டு. கால்சியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சும் உப்பு. நீர் சேர்ந்த வடிவமும் சேராத வடிவமும் ஒரே எடையில் ஒரே அளவு மருந்தைத் தராது. தராசு சரியில்லை, வடிவம் தெரியவில்லை என்றால் 20 சதவீதம் என்று எழுதியிருப்பது வேறு ஏதோ சதவீதமாக இருக்கும். குறைந்தால் நாய் மலடாகாது, கூடினால் விரைப்பை அழுகும். துத்தநாகத்துக்குச் சொன்ன கசிவு, ஊசி மாற்றம், அளவெடுப்பு எல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும். தகுதியுள்ள மருந்தாளுநர் தயாரித்து, கால்நடை மருத்துவர் பொறுப்பேற்றுப் போடுவது ஒன்று. யாரோ எங்கோ கலக்கிய பாட்டிலை யாரோ போடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு நான் எந்தச் சூழலிலும் ஆதரவு தர மாட்டேன்.

விரைக்குள் போடாத ஊசிகள்

“காயடிப்பு ஊசி” என்று கேட்பவர்களில் பாதிப் பேர் மனதில் வைத்திருப்பது வேறொரு வகை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பன்றிப் பண்ணைகளில் இம்ப்ரோவாக் என்ற தடுப்பூசி பரவலாகப் பயன்படுகிறது. மூளையிலிருந்து இனப்பெருக்கத்தை இயக்கும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனுக்கு எதிராக உடம்பையே எதிர்ப்பொருள் உருவாக்க வைக்கிறது இது. குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, கழுத்துப் பகுதியில். இரண்டாவது ஊசிக்குப் பிறகு விரையின் செயல்பாடு ஒடுங்கும், ஆண் பன்றி இறைச்சியில் வரும் கெட்ட வாடையும் போகும். ஆஸ்திரேலியாவில் தொடங்கி, 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. குட்டிப் பன்றிகளுக்கு மயக்கமில்லாமல் அறுவைக் காயடிப்பு செய்வதற்கு இது உண்மையிலேயே நல்ல மாற்று. விலங்குக்கு அறுவையின் வலியும் இல்லை, அறுவைப் புண்ணும் இல்லை. ஆபத்து ஊசி போடுகிற ஆளுக்குத்தான். தவறிக் கையில் குத்திக்கொண்டால் மனிதருக்கும் அதே விளைவு வரலாம், இரண்டாம் முறை குத்திக்கொண்டால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் காப்புறையுள்ள சிறப்பு ஊசிக்கருவி.

நாய்க்குத் தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் மருந்தின் இம்பிளாண்டும் இருக்கிறது. 4.7 மில்லிகிராம் ஏறக்குறைய ஆறு மாதமும், 9.4 மில்லிகிராம் ஓராண்டும் வேலை செய்யும். முதல் சில வாரம் ஹார்மோன் கூடிப் பிறகு தணியும். திரும்பப்பெறக்கூடியது என்பதால், அறுவைக்கு முன் “ஹார்மோன் குறைந்தால் என் நாய் எப்படி நடந்துகொள்ளும்” என்று பார்க்க விரும்பும் வளர்ப்பவருக்கு மிகவும் பயனுள்ளது. முகாமுக்கு உதவாது. ஆறு மாதம் கழித்துத் தெரு நாயை மறுபடி பிடிப்பது நடக்காத காரியம்.

பெட்டை நாய்களை மறந்துவிட்டு

ஆண் நாய்க்கு ஊசி எளிது என்பதால் முகாம்கள் ஆண்களையே குறிவைக்கும் ஆசை வருகிறது. ஒரு நாளில் எத்தனை நாய் முடித்தோம் என்ற எண்ணிக்கையும் அழகாக இருக்கும். ஆனால் நாய்த்தொகையைத் தீர்மானிப்பது பெட்டைகள். பத்தில் ஒன்பது ஆண்களை மலடாக்கினாலும், மிச்சமிருக்கும் ஒன்று அந்தப் பகுதியின் பெட்டைகள் பலவற்றோடு சேர்ந்துவிடும். ஒரு பெட்டையை நிறுத்தினால் அதன் ஈற்றுகள் அத்தனையும் நிற்கும். பெட்டைக்கு இன்று நடைமுறையில் உள்ள நிரந்தரத் தீர்வு அறுவைதான். கர்ப்பப்பைச் சீழ் நோயிலிருந்தும் அது காப்பாற்றுகிறது.

நம்பிக்கை தரும் ஆராய்ச்சி பூனைகளில் நடந்திருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வில், ஆறு பெட்டைப் பூனைகளுக்கு கருமுட்டை வளர்ச்சியை அடக்கும் ஏஎம்எச் என்ற ஹார்மோனுக்கான மரபணுவை ஒரே ஊசியாகப் போட்டார்கள். இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில் அவற்றில் ஒன்றுகூடக் குட்டி போடவில்லை. சிகிச்சை பெறாத பூனைகள் குட்டி போட்டன. அது சந்தைக்கு வர இன்னும் பல படிகள் இருக்கின்றன. முகாம் திட்டம் போடுகிறவர் இன்றைக்கு இருப்பதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

இதே போன்ற முகாமுக்கு நான் சொல்வது

மயக்கமும் மேசையும் மருத்துவரும் இருக்கிற இடத்தில் ஆண் நாய்க்கும் அறுவையே செய்யுங்கள். பழகிய கைக்கு அது சில நிமிட வேலை, கோளாறு வந்தாலும் பெரும்பாலும் எளிதில் சரியாகும். பெட்டைகளுக்காக எப்படியும் அந்த மேசையைப் போடத்தான் போகிறீர்கள்.

உரிமம் பெற்ற ஊசி மருந்து கிடைத்து, அறுவைக்குச் சம்மதிக்காத வளர்ப்பவர்களும் இருந்தால் ஊசியைப் பயன்படுத்தலாம். ஆனால் விரையை அளக்கவும் போடவும் பயிற்சி பெற்றவர் மட்டும் போட வேண்டும். நாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று பெயரும் இடமும் பதிவாக வேண்டும். முதல் வாரத்தில் குறைந்தது இரண்டு முறை யாராவது நேரில் போய் விரைப்பையைப் பார்க்க வேண்டும். தோல் கருத்திருந்தால் அன்றைக்கே அறுவை செய்யக்கூடிய இடம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதில் ஒன்றுக்கு “இல்லை” என்று பதில் வந்தாலும் ஊசி வேண்டாம். பொறுப்பேற்க ஆளில்லாத தெரு நாய்க்கு, பிடித்துப் போட்டு அன்றே விட்டுவிடும் வழக்கத்தில், இந்த ஊசியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊசி போட்ட நாய்க்கு நிரந்தர அடையாளமும் வேண்டும். விரை வெளியே தெரிவதால் அடுத்த ஆண்டு வருகிற முகாமுக்கு அது முடிந்த நாய் என்று தெரியாது. மறுபடி மயக்கி மேசையில் ஏற்றிவிடுவார்கள். சூட்டெரின் போட்ட நாய்களுக்குத் தொடையிடுக்கில் அந்தப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைச் சிறிதாகப் பச்சை குத்தினார்கள். பச்சையோ மைக்ரோசிப்போ, எதுவாக இருந்தாலும் நாய் மயக்கம் தெளிவதற்கு முன்பே அதைச் செய்து, மருந்தின் பெயரையும் தேதியையும் இரு விரைக்கும் போட்ட அளவையும் தனித்தனியாகப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். பிறகு புண் வந்தால் எங்கே தவறியது என்று தேடுவதற்கு அந்தப் பதிவுதான் இருக்கும்.